நானூறு வீடுகளும் ஒரு நெல் கணக்கும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா குழந்தைகளே? போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து விமானத்தைத்தான் பார்ப்பார்கள். அடுத்த தடவை போனால், கொஞ்சம் குனிந்து சுவர்களையும் அடிப்பகுதியையும் பாருங்கள். எறும்பு வரிசை போல எழுத்துகள் போய்க்கொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ராஜராஜ சோழன் வெட்டச் சொன்ன கணக்கு அது. கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள், கோயில் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், எல்லாம் கல்லிலேயே இருக்கிறது.

அதில் ஒரு கல்வெட்டு இன்று நமக்கு வேண்டும். அது மிக நீளமான ஒரு பட்டியல். ஆடல் பாடலில் தேர்ந்த 400 பெண்களைத் திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், காஞ்சிபுரம் என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்து, பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடு கொடுத்துக் குடியமர்த்தினான் ராஜராஜன். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல்.

நெல் அளந்து கொடுக்கும் நாள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இங்கேதான் சிக்கல்! பெயருக்குப் பெயர் 'நக்கன்' என்றே தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் பெயராவது வேறு வேறாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. 'எடுத்தபாதம்' என்று கூப்பிட்டால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எழுந்து வருவார்கள். யாருக்கு 100 கலம்?

கல்வெட்டு எழுதியவர் இதை எப்படிச் சமாளித்தார் தெரியுமா? பெயரோடு முகவரியையும் சேர்த்துவிட்டார். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, திருவையாற்றுக் கோயிலிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. இதுதான் பட்டியலின் முதல் பெயர். தளி என்றால் கோயில். தளிச்சேரி என்றால் கோயில் குடியிருப்பு. சிறகு என்பது தெருவின் ஒரு பக்கத்து வரிசை. தலைவீடு முதல் வீடு. அடுத்தவர் இரண்டாம் வீடு, அதற்கடுத்தவர் மூன்றாம் வீடு. இப்படியே நானூறு பேரும். இடையில் எங்கும் "அந்த மூலை வீடு", "சிவப்புப் புடவைக்காரர் வீடு" என்ற பேச்சே கிடையாது. முதல் ஆளுக்கு எந்த வரிசையில் விவரம் சொன்னாரோ, அதே வரிசைதான் கடைசி ஆளுக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. முதல் பெண் வந்த கோயிலின் பெயரை முழுவதும் எழுதியவர், அதே கோயிலிலிருந்து வந்த அடுத்த பெண்ணுக்கு 'இத்தளி' என்று மட்டும் போடுகிறார். மேல் வரியிலேயே முழுப் பெயர் இருக்கிறதே, எதற்குக் கல்லை வீணாக்க வேண்டும்? கெட்டிக்காரர்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலி இருக்கிறது. பெயர் வைக்கும் தலைவலி.

புரோகிராமில் ஒவ்வொரு தகவலையும் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டிக்கு ஒரு பெயர் ஒட்டுவார்கள். பாடப்புத்தகத்தில் இதை 'மாறி' என்று சொல்வார்கள். கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் ஒட்டினாலும் ஒன்றுதான். 'அ' என்றாலும் சரி, 'அப்பளம்' என்றாலும் சரி, அது முகம் சுளிக்காது. ஆனால் அந்தப் புரோகிராமை ஆறு மாதம் கழித்து ஒரு மனிதர் திறந்து படிக்க வேண்டி வருமே! அப்போது 'அப்பளம்' எதைக் குறிக்கிறது என்று யாரைப் போய்க் கேட்பது?

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் தாத்தாவுக்குத் திருவையாறு பக்கத்தில் 6 மா நிலம் இருக்கிறது. (தஞ்சாவூர்க் குழந்தைகளுக்கு 'மா' என்றால் தெரியும். மற்றவர்கள் மாமரத்தையும் அரிசி மாவையும் நினைத்துக் குழம்ப வேண்டாம். இது நில அளவு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஏறக்குறைய 3 மா சேர்ந்தால் ஓர் ஏக்கர்.) ஒரு மாவுக்கு 10 மூட்டை விளைந்தது. இந்தப் பக்கம் பல ஊர்களில் ஒரு மூட்டை என்றால் 60 கிலோ. மொத்தம் எத்தனை கிலோ என்று கணக்கிட நீங்கள் இப்படி எழுதுகிறீர்கள். நட்சத்திரக் குறிக்குப் பெருக்கல் என்று பொருள்.

அ = 6
ஆ = 10
இ = 60
ஈ = அ * ஆ * இ

விடை 3,600. சரியான விடைதான். தாத்தாவும் முதுகில் தட்டிக் கொடுக்கிறார். அத்துடன் அதை மறந்துவிட்டீர்கள்.

அடுத்த அறுவடை வருகிறது. இந்த முறை நீங்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் உங்கள் தங்கை அதே புரோகிராமைத் திறக்கிறாள். நெல்லை அரசாங்கத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடப் போகிறார்கள். அங்கே 40 கிலோ பிடிக்கும் சிப்பமாகத்தான் நிறுப்பார்கள். சாக்கில் கட்டியதுதானே, பார்ப்பதற்கு அதுவும் மூட்டைதான்! தங்கை நினைக்கிறாள்: "இந்த 60 ஏதோ பழைய எண் போலிருக்கிறது. இப்போது மூட்டைக்கு 40 கிலோ." 60ஐ அழித்துவிட்டு 40 போடுகிறாள். விடை 2,400.

1,200 கிலோ நெல் காகிதத்திலேயே காணாமல் போய்விட்டது! எலி தின்னவில்லை, மழையில் நனையவில்லை. குவிண்டால் 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் 24,000 ரூபாய் கணக்கில் உதைக்கிறது. தங்கையைத் திட்ட முடியுமா? 'இ' என்ற பெயர் அவளுக்கு என்ன சொன்னது? ஒன்றுமே சொல்லவில்லையே!

அதே கணக்கை இப்படி எழுதியிருந்தால்?

நிலம்_மா = 6
மாவுக்கு_மூட்டை = 10
மூட்டை_கிலோ = 60
சிப்பம்_கிலோ = 40
மொத்தநெல்_கிலோ = நிலம்_மா * மாவுக்கு_மூட்டை * மூட்டை_கிலோ
சிப்ப_எண்ணிக்கை = மொத்தநெல்_கிலோ / சிப்பம்_கிலோ

இப்போது மூட்டை வேறு, சிப்பம் வேறு என்பது பெயரிலேயே இருக்கிறது. வயலில் 60 மூட்டை, கொள்முதல் நிலையத்தில் 90 சிப்பம். இரண்டும் ஒரே 3,600 கிலோதான். ஒவ்வொரு பெயரின் வாலிலும் 'மா', 'கிலோ' என்று அளவு ஒட்டியிருப்பதையும் கவனியுங்கள். வெறுமே 'நிலம் = 6' என்று விட்டால், படிக்கிறவர் 6 ஏக்கர் என்று நினைக்கலாம். வேலி என்று நினைத்துவிட்டால் தாத்தாவுக்கு 40 ஏக்கர் சொத்து வந்துவிடும்! கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி உரம் வாங்கினால்?

இது ஏதோ கிராமத்துக் கணக்கில் மட்டும் வரும் தொல்லை என்று எண்ணாதீர்கள். செவ்வாய் கிரகம் வரை போயிருக்கிறது! அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலத்தை அனுப்பியது. செவ்வாயைச் சுற்றி வந்து அங்குள்ள காற்று மண்டலத்தை ஆராய வேண்டும் என்பது திட்டம். ஒன்பது மாதத்துக்கு மேல் பயணம் செய்து, 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியது. கிரகத்துக்குப் பின்னால் போனது, போனதுதான். திரும்ப வரவே இல்லை.

என்ன நடந்தது? விண்கலத்தின் சிறிய உந்து எஞ்சின்கள் எவ்வளவு தள்ளின என்று பூமியில் ஒரு புரோகிராம் கணக்கிட்டது. அது பவுண்டு கணக்கில் எண்ணைக் கொடுத்தது. அந்த எண்ணை வாங்கிய மற்றொரு புரோகிராம், அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். எண்ணை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது அல்லவா? 60 மூட்டையா 60 சிப்பமா என்பது போலத்தான். செவ்வாய்க்கு மேலே 200 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் போக வேண்டிய கலம், 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது என்று பிறகு கணக்கிட்டார்கள். சுமார் 12 கோடி டாலர் மதிப்புள்ள விண்கலம் போயே போய்விட்டது.

ராஜராஜனின் கணக்கர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு கறாராக இருந்தார்கள் தெரியுமா? பெரிய கோயில் கல்வெட்டுகளில் வெறும் எண்ணாக எதையும் விடமாட்டார்கள். பொன்னை நிறுத்தால், 'ஆடவல்லான் என்னும் கல்லால்' நிறுத்தது என்று எழுதுவார்கள். நவமணிகளை நிறுத்தால், 'தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால்' நிறுத்தது என்பார்கள். இங்கே கல் என்பது எடைக்கல். நெல்லை அளந்தால், 'ஆடவல்லான் என்னும் மரக்காலால்' அளந்தது. அந்த மரக்கால் 'ராஜகேசரி' என்ற மற்றொரு மரக்காலுக்குச் சமம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஆடவல்லான் என்பது நடராஜப் பெருமானின் பெயர். எடைக்கல்லுக்கும் அதே பெயர், மரக்காலுக்கும் அதே பெயர்! மூன்று பொருளுக்கு ஒரே பெயர் வைப்பது நல்ல பழக்கம் அல்ல. ஆனால் அவர்கள் 'என்னும் கல்', 'என்னும் மரக்கால்' என்று வால் ஒட்டித் தப்பித்துக்கொண்டார்கள். நாம் 'மூட்டை_கிலோ' என்று எழுதினோமே, அதேதான்.

அந்தக் கணக்கு யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இடையில் பல நூறு ஆண்டுகள் அந்த எழுத்துகளைப் படிக்க ஆள் இல்லை. கோயிலைக் கட்டியவர் யார் என்பதில்கூட ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுகளைப் படித்து, கட்டியவன் ராஜராஜனே என்று தெளிவாக்கினார். எழுதியவரைச் சந்தித்துச் சந்தேகம் கேட்க அவருக்கு வழியே இல்லை. கல்லில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

இப்போது கோயிலை விட்டு வயலுக்கு வருவோம். கும்பகோணத்துக்கு அடுத்து ஆடுதுறை என்ற ஊர் இருக்கிறது. 1922ஆம் ஆண்டு முதல் அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே உருவாகும் ரகங்களுக்கு ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43, ஏ.டி.டி. 45 என்று பெயர். ஏ.டி.டி. என்பது ஆடுதுறையின் சுருக்கம். 'கோ' என்று தொடங்கினால் கோயம்புத்தூர், ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம், ஐ.ஆர். என்றால் பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம். பிறந்த இடம் முதலில், எண் அடுத்தது. தளிச்சேரி வீடு போலவே இல்லை?

அழகில்லாத பெயர் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அழகான பெயர் வைத்த இடத்தில் என்ன ஆயிற்று பாருங்கள். பொன்னி என்றால் காவிரி. பொன்னி என்றால் ஓர் அரிசியும்கூட. மலேசியாவிலிருந்து வந்த மசூரி என்ற ரகத்தின் வழியில் வந்தது வெள்ளைப் பொன்னி. ஆந்திராவின் பாபட்லாவில் பிறந்த பி.பி.டி. 5204 என்ற ரகத்துக்குச் சம்பா மசூரி என்று பெயர். அதையே நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்பார்கள். இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒன்றல்ல. 'சம்பா' என்பது வேறு, சாகுபடிப் பருவத்தின் பெயராகவும் இருக்கிறது! ஒடிசாவின் கட்டாக்கில் உருவான சி.ஆர். 1009 என்ற ரகம் ஓரிடத்தில் சாவித்திரி, நம் ஊரில் பொன்மணி. அரிசிக் கடையில் இந்தக் குழப்பத்தால் சோறு கொஞ்சம் குழையும், அவ்வளவுதான். விதைக் கடையில் அப்படி இல்லை. ஏ.டி.டி. 43 சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும். சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். குறுவைக்கு விதைக்கும்போது விதை மாறிப்போனால், நாற்றைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். மற்ற வயல்களில் அறுத்து முடித்த பிறகு, நம் வயல் மட்டும் பச்சையாக நின்று ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் அனுபவமுள்ள விவசாயிகள் விதை வாங்கும்போது செல்லப் பெயரைச் சொல்லாமல், "ஆயிரத்தொன்பது கொடுங்க" என்று எண்ணைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

இந்த ஆயிரத்தொன்பதுக்கு ஒரு தம்பியும் உண்டு. சி.ஆர். 1009 சப் 1. வெள்ளம் வந்து பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும் மரபணுவைச் சேர்த்து உருவாக்கியது. அந்த மரபணுவின் பெயர்தான் சப் 1. பழைய பெயரை அப்படியே வைத்து, புதிதாக என்ன சேர்ந்ததோ அதை மட்டும் பின்னால் சொல்லிவிட்டார்கள். 'புது ஆயிரத்தொன்பது' என்று வைக்கவில்லை. எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

ஏனென்றால், 'புது' என்ற சொல்லை நம்பிப் பெயர் வைப்பது எத்தனை ஆபத்து என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரியும். கல்லணையிலிருந்து பிரிந்து ஊருக்குள்ளேயே ஓடும் கல்லணைக் கால்வாய்க்கு ஊரில் என்ன பெயர்? புது ஆறு! அது 1934ல் திறக்கப்பட்டது. 90 ஆண்டுகளைத் தாண்டியும் இன்னும் புது ஆறுதான். ஆற்றுக்கு இது பொருந்திவிடும், அழகாகவும் இருக்கும். புரோகிராமில் 'புதுக்கணக்கு' என்று ஒன்று, பிறகு 'புதுக்கணக்கு2', அதற்கும் பிறகு 'கடைசிக்கணக்கு', அப்புறம் 'உண்மையான_கடைசிக்கணக்கு' என்று வைத்துக்கொண்டே போனால் எது புதியது என்று எழுதியவருக்கே தெரியாது. நீங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த கோப்புகளின் பெயர்களை ஒருமுறை பாருங்களேன்!

எழுத்துப் பிழை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூட்டை என்று சிலர் சொல்வார்கள், மூடை என்று சிலர் சொல்வார்கள். நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு. பைத்தான் மொழியில் மேலே 'மூட்டை_கிலோ = 60' என்று எழுதிவிட்டு, கீழே அதைத் திருத்த நினைத்து 'மூடை_கிலோ = 62' என்று எழுதினால், அது "தவறு" என்று சொல்லாது. பேசாமல் புதிய பெட்டி ஒன்றைத் திறந்து 62ஐ அதில் போட்டுவிட்டு, கணக்கைப் பழைய 60ஐ வைத்தே செய்யும். பிழை என்று கத்தினால்கூடப் பரவாயில்லை. சத்தமில்லாமல் தவறு செய்வதுதான் மோசம்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இந்தத் தொல்லை இன்னும் அதிகம். 'குழி' என்று எழுத ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட் எச்' போடுவார். நாலு பேர் சேர்ந்து எழுதும் புரோகிராமில் நாலு விதக் குழி தோண்டியிருப்பார்கள்! தமிழ் எழுத்திலேயே எழுதினால் இந்தக் கவலை குறையும். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'எழில்' என்ற புரோகிராம் மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில்தான். எந்த எழுத்தானாலும் சரி, குழுவாக எழுதுகிறவர்கள் முதல் நாளே உட்கார்ந்து, எதை எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

நீளமான பெயர்தான் நல்ல பெயர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'இந்த_ஆண்டு_தாத்தாவின்_ஆற்றங்கரை_வயலில்_விளைந்த_மொத்த_நெல்_கிலோ' என்று பெயர் வைத்தால், படிப்பதற்குள் அடுத்த போகம் வந்துவிடும். இரண்டு வரிக்குள் பிறந்து, வேலை முடிந்து, மறையும் மாறிக்கு 'எண்' என்ற சின்னப் பெயர் போதும். 'இத்தளி' நினைவிருக்கிறது அல்லவா?

எங்கே, இப்போது உங்கள் முறை! கீழே இருப்பது 400 குழி நிலத்துக்கான கணக்கு. சாய்கோடு என்றால் வகுத்தல். ஒரு மாவுக்கு 10 மூட்டை, ஒரு மூட்டை 60 கிலோ, ஒரு சிப்பம் 40 கிலோ. எத்தனை சிப்பம் என்று தெரிய வேண்டும். கடைசியில் 'நெல் எவ்வளவு?' என்று கேட்டால் கம்ப்யூட்டர் என்ன சொல்லும்? பெயர்களில் என்னென்ன கோளாறு?

குழி = 400
நிலம் = குழி / 100
நெல் = நிலம் * 10
நெல் = நெல் * 60
நெள் = நெல் / 40

விடை: கம்ப்யூட்டர் 2,400 என்று சொல்லும். அது கிலோ. நமக்கு வேண்டிய 60 சிப்பம், 'நெள்' என்ற பெட்டியில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறது. 'நிலம்' என்பதில் அளவு இல்லை, 'நிலம்_மா' என்று இருக்க வேண்டும். 'நெல்' மூன்றாம் வரியில் மூட்டை, நான்காம் வரியில் கிலோ. அதை 'நெல்_மூட்டை', 'நெல்_கிலோ' என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். கடைசி வரியில் 'நெள்' எழுத்துப் பிழை. அங்கே வேண்டிய பெயர் 'சிப்ப_எண்ணிக்கை'.